சாம்பல் குதிரைக்கு இரண்டு எண்கள்

அக்காவும் தம்பியும் ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து, குதிரைப் பந்தயப் பத்திரிகைக்கு வேக எண் போடுகிறவர்கள். ஓடிய நேரத்தை எடுத்து, அன்று தரை இறுகலா ஈரமா என்று பார்த்து, கூட்டிக் கழித்து, குதிரைக்கு ஓர் எண்; எண் கூடினால் வேகம் கூடுதல். வாசகர்கள் அதை நம்பித்தான் பந்தயம் கட்டுவார்கள்.

சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றால் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மழை நாளின் கடைசிப் பந்தயத்தில் அது ஜெயித்திருந்தது. தம்பி தொண்ணூறு போட்டான். அக்கா நூற்றிரண்டு.

"மழை வந்ததே கடைசிப் பந்தயத்துக்கு முன்னாடிதான்டா. நாள் முழுக்க ஒரே தரைன்னு கணக்குப் போட்டா எப்படி?"

"ஒத்தைப் பந்தயத்தை வச்சுக்கிட்டு, மெதுவா இருந்தது தரையா குதிரையான்னு நீ எப்படிக்கா சொல்வே?"

"தரை நனைஞ்சது கடிகாரத்துக்குத் தெரியுமா?"

"உனக்கு அந்தக் குதிரை மேல பாசம். அதுக்குப் பேரு கணக்கு இல்லை."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. அதன்பின் பென்சில் கேட்பதற்குக்கூட நடுவே பத்திரிகை ஆசிரியர் வேண்டியிருந்தது.

மறுபடி மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், குதிரைகளின் காலைப் பயிற்சியைப் பார்க்க அவள் தனியாகப் பந்தய மைதானத்துக்குப் போனாள். வேலியோரம் தம்பி நின்றிருந்தான், கையில் நிறுத்துக்கடிகாரத்துடன். அவள் சற்றுத் தள்ளி வேலியில் சாய்ந்து நின்றாள். பனிமூட்டம் ஓட்டப்பாதையை விழுங்கியிருந்தது. எதிர்ப்புறக் கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் மங்கித் தெரிந்தன.

முதலில் சத்தம்தான் வந்தது. தரைக்கடியில் யாரோ மெத்தை தட்டுவதுபோல. பிறகு பனியே ஓரிடத்தில் திரண்டு உருவெடுத்ததுபோல் அந்தச் சாம்பல் குதிரை வந்தது. மேலிருந்தவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதன் மூச்சு அவள் முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. உலகத்தில் அவசரம் என்றே ஒன்று இல்லாததுபோல் அது பறந்து, மறுபடி பனியாகிவிட்டது.

தம்பியின் சட்டையெல்லாம் சேறு.

"எவ்வளவுடா?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பின் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். முள் நகரவே இல்லை. "அமுக்க மறந்துட்டேன்கா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். சட்டைச் சேற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, "தரை நல்லா ஊறித்தான் இருக்கு. ஆனா அன்னிக்கும் இப்படி இருந்ததுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்," என்றான்.

"ஒத்துக்காதே. பாசம்னு மட்டும் சொல்லாதே."

"சொல்லமாட்டேன். தப்புதான்."

அந்த வாரம் பத்திரிகையில் இரண்டு எண்களும் காரணங்களோடு வந்தன. "வாசகன் மண்டையைப் பிச்சுக்குவான்!" என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த பந்தயத்தில் சாம்பல் குதிரை ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது.

"பார்த்தியா, தொண்ணூறுதான்," என்றான் தம்பி.

"தொண்ணூறா இருந்தா இவ்வளவு நெருங்கியிருக்குமா?" என்றாள் அக்கா.

சண்டை வீடுவரை நீண்டது. இருவரும் மெதுவாகவே நடந்தார்கள்.