கவுனின் முன்பக்கத்து ஊசித் துளைகள்

1
லவீனா ஒன்றை மறைக்கச் சொன்னாள், நான் தைத்தேன். அப்படிப் பிறந்த கதை இது.

வீடு வீடாகப் போய்த் துவைப்பதும் தைப்பதும் என் பிழைப்பு. நாற்பது வயதுக்கு மேல், பிறர் வீட்டுப் படுக்கை விரிப்புகளில் அடையாள எழுத்துத் தைத்துத் தைத்துத்தான் எழுத்துப் படித்தேன். அதனால் எழுதும்போதும் பிரித்துத் தைக்கிற புத்தி போகாது. பிரித்த இடம் உங்கள் கண்ணில் பட்டால் படட்டும்.

2
முதல் தொடக்கம்: "1814 மே மாதக் காலையில் கனெக்டிகட் ஆற்றின்மேல் பொன்னொளி—"

வேண்டாம். அன்று எனக்கு முதுகுவலி. ஆற்றை யார் பார்த்தது?

இரண்டாவது தொடக்கம்: மெகிடபெல் அம்மாள் தன் மகள் லவீனாவின் கல்யாணத்துக்கு வெள்ளை மஸ்லின் கவுன் தைக்க என்னைக் கூப்பிட்டாள். (இது நிற்கும்.)

மார்புக்கு அடியிலேயே இடுப்பு. குறுகின முதுகு. முன்பக்கம் மடல்போலத் திறக்கும். இரண்டு நாடாவால் கட்ட வேண்டும். மடலின் நடுவே, மேலிருந்து பாதம்வரை நேர்கோட்டில் ஒரு திராட்சைக் கொடி, வெள்ளை நூலில். ஒன்பது நாள் வேலை. முடிந்த அன்று லவீனா போட்டுப் பார்த்தாள்.

நேராக இறங்கிய கொடி வயிற்றுக்கு வந்ததும் வளைந்தது.

"ஹெப்சி அக்கா... நாலு மாசம்."

"அதான் கொடியே சொல்லிடுச்சே! மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம எப்படிக்கா! அம்மாவுக்குத்தான் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஊரைக் கூப்பிடாம, பாதிரியாரை மட்டும் வச்சு முடிச்சிருவாங்க. ஆட்டமும் கிடையாது, இந்தக் கவுனும் கிடையாது."

3
பிரித்தேன். கொடியைக் கீழ்விளிம்பில் சுற்றி ஓடவிட்டேன், பார்க்கிற கண் பாதத்தோடு நிற்கட்டும் என்று.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மஸ்லினில் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். துவைத்தால்தான் மூடும். துவைப்பதற்குள் மெகிடபெல் அம்மாள் வந்துவிட்டாள்.)

[இங்கே அவளைக் கொடுமைக்காரியாக்கிப் பார்த்தேன்: "அவள் கண்கள் நெருப்பாய்—" ஒட்டவில்லை. அவள் கையில் பாதி கடித்த டோநட் இருந்தது.]

4
மடலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினாள். துளைகள் மேலிருந்து கீழாக மின்னின.

"இங்க இருந்த கொடி எங்க, ஹெப்சி?"

"விளிம்புலதான் அழகா இருக்கும்னு..."

"வளைஞ்சுதா?"

லவீனா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"என் கல்யாணத்துக்குக் கோடு போட்ட துணி. அத்தனை கோடும் வளைஞ்சுச்சு! உங்கண்ணன் ஏழு மாசத்துலயே பிறந்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். பிறந்தப்ப பூசணிக்காய் மாதிரி இருந்தான்!"

"அம்மா!"

"என்னடி அம்மா? ஊரைக் கூப்பிட்டாச்சு, பிடில்காரனுக்கும் சொல்லியாச்சு. ஹெப்சி, நாடா ஏன் இவ்வளவு குட்டை? ஒரு முழம் சேத்துத் தை. எனக்கு அன்னைக்கு மூச்சே விட முடியல."

மூவரும் சிரித்த சிரிப்பில் டோநட் மஸ்லின்மேல் விழுந்தது. உடனே துவைக்க வேண்டியதாயிற்று. துளைகள் மூடிக்கொண்டன.

5
ஒரு முடிவு: கல்யாண ஆட்டத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

இன்னொன்று: எல்லாரும் கவனித்தார்கள், ஒவ்வொருத்தியும் தன் தலைச்சன் பிள்ளையின் மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி ஆடப் போனாள்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் நான் அன்று அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பிடில் கேட்டது, தரை அதிர்ந்தது, லவீனாவின் சிரிப்பு கேட்டது. பார்க்காததை எப்படி எழுத?

இந்தக் கதைக்கும் நாடா இரண்டையும் நீளமாக விட்டிருக்கிறேன். நீங்களே கட்டி முடியுங்கள். கொஞ்சம் தளர்வாக.