பதினான்கும் பத்தொன்பதும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஃபிலிம் அறையின் ஏசி நின்றுபோனது. உறைக்குள் இருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விளக்குப் பெட்டியின் கண்ணாடி மேல் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தாள் இளவேனில்.

துவாக்குடிப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. அணுமின் நிலையங்களுக்கு நீராவி கொண்டுபோகும் கனத்த குழாய்களை அங்கே செய்தார்கள். குழாயோடு குழாயைப் பற்றவைத்த ஒவ்வொரு ஜாயின்டையும் கதிர்வீச்சுக் கருவி வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, உள்ளே விரிசல் உண்டா, காற்றுக்குமிழ் உண்டா, இரும்பு இரும்போடு ஒட்டாமல் விட்ட இடம் உண்டா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் கையெழுத்து விழாமல் குழாய் அடுத்த கட்டத்துக்கு நகராது.

பதினான்காம் ஜாயின்ட் ஃபிலிமின் வலது ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழ் தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவுதான், குற்றமில்லை. அதற்குக் கீழே வெல்டைத் தேய்த்த மெஷின் விட்டுப்போன சின்னக் கீறல். பார்த்துவிட்டுக் கண்ணை நகர்த்தினாள். பக்கத்தில் கிடந்த பத்தொன்பதாம் ஜாயின்ட் ஃபிலிமிலும் அதே இடத்தில் அதே குமிழ், அதன் கீழே அதே கீறல்.

ஒரே வெல்டர் ஒரே நாளில் ஒரே கம்பியில் போட்டாலும் இரண்டு வெல்டு ஒரே மாதிரி வராது. கைரேகை மாதிரிதான். ஒரு ஜாயின்டுக்கு மூன்று ஃபிலிம். பதினான்கின் மூன்றையும் பத்தொன்பதின் மூன்றின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்று ஜோடியும் அச்சாகப் பொருந்தின. படம் எடுக்கும்முன் வெல்டின் ஓரத்தில் ஒட்டிவைக்கிற ஈய நம்பர் மட்டும்தான் வேறாக இருந்தது. பதினான்கை இரண்டு தடவை எடுத்து, இரண்டாம் தடவைக்கு நம்பரை மாற்றி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதை யாரும் படமே எடுக்கவில்லை.

உறையின் மேல் படம் எடுத்தவர் பெயர் இருந்தது: சகாயநாதன். அதற்குக் கீழே, பார்த்து ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து. ஆறு மாசத்துக்கு முந்தைய ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி. இரண்டு உறையிலும் அதே தேதி.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சகாயநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலக்கரைக்காரர். இளவேனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கதிர்வீச்சு அளக்கிற பேட்ஜை மறந்துவிட்டு அவள் படம் எடுக்கும் இடத்துக்குள் நடந்தபோது கையைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்தியவர் அவர். அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன்தான். ஈஸ்டருக்கு அவர் மனைவி பெலிண்டா கேக் கொடுத்தனுப்புவார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் அவரை ஃபிலிம் அறைக்குக் கூப்பிட்டாள். இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"பாத்துட்டியா" என்றார்.

"ஏன்ணே இப்படிப் பண்ணீங்க?"

ஆஸ்பத்திரி, உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்சினை, இப்படி எதையாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது.

"பெருசா காரணம் எதுவும் இல்லம்மா. பத்தொம்பது அடிப்பக்கம் இருந்துச்சு. குழாயத் திருப்பிப் போட்டாத்தான் ஃபிலிம் வைக்க முடியும். கிரேன் அடுத்த ஷெட்டுல மாட்டிக்கிச்சு. ரெண்டு மணி நேரம் நின்னு பாத்தேன். பசி. நம்பர மாத்தி வச்சு முடிச்சிட்டேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "வெள்ளைச்சாமி போட்ட வெல்டு. அவன் கை தப்பாதுன்னு ஒரு தைரியம்."

"குழாய் அடுத்த வாரம் வண்டி ஏறுதுண்ணே."

"தெரியும். தண்ணி ஏத்தி அழுத்தம் குடுத்துப் பாத்தாங்கல்ல, ஒரு சொட்டு கசியலயே."

"அது அன்னிக்குத் தாங்குச்சுன்னு அர்த்தம். நாப்பது வருஷம் தாங்கும்னு அர்த்தமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். நாளைக்குக் கிரேன் சும்மாத்தான் இருக்கு. பத்தொம்பத நானே ஒழுங்கா எடுத்துடறேன். நீ பாரு. நல்லா இருந்தா இந்த உறையில வச்சிடு. தப்பு இருந்தா ரெண்டு பேருமே போயி சொல்லிடுவோம். வெல்டு பாத்தாச்சுன்னு ஆயிடும்ல?"

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றாள்.

கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. அவர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முயன்றாள், முடியவில்லை. ஜாயின்ட் நிஜமாகவே சோதிக்கப்பட்டுவிடும். அணுமின் நிலையத்துக்கு நல்ல குழாய் போய்ச் சேரும். சகாயம் அண்ணன் பிழைப்பார். தன் பெயரும் தப்பிக்கும். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உறுத்தியது. ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி அவள் எத்தனை ஃபிலிம் பார்த்தாள்? மாச முடிவுக்குள் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டிய அவசரம். நாற்பதுக்குக் குறையாது. பதினான்கைப் பார்த்த பத்தே நிமிஷத்தில் பத்தொன்பதையும் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாளா?

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் வேறொன்று உறைத்தது. இந்த ஒரு ஜாயின்டை ரகசியமாகச் சரிசெய்துவிட்டால், சகாயநாதன் எடுத்த மற்ற படங்களை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். பார்க்கக் காரணமே இருக்காது. அவர் இது ஒன்றுதான் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அம்மாமண்டபம் ரோட்டில் இறங்கி வீடு வரைக்கும் நடந்தாள். புருஷன் நல்லதம்பியிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "உன் வேலைக்கும் வேட்டு வைக்குமா?" என்றான். "வைக்கலாம்" என்றாள். அவன் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியபடி, "சரி, எப்பிடியும் நீ சொல்லத்தான் போற. மொதல்ல அவர்கிட்ட சொல்லிட்டுச் சொல்லு" என்றான்.

அப்படியே செய்தாள். மறுநாள் காலை கேட்டருகே நின்று, "அண்ணே, நான் பீமராவ் சார்கிட்ட போறேன். நீங்களும் வாங்க" என்றாள். சகாயநாதன் அவளை ஒரு முறை பார்த்தார். "நீ போ" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார்.

தரப் பிரிவின் மேலாளர் பீமராவ் நிதானமானவர். ஃபிலிம்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்குத் தெரியும்?" அவள் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, குழாயை வாங்குகிறவர்களின் ஆய்வாளர் சம்ரீனுக்கு அவள் முன்னாலேயே போன் போட்டார். ஒளிக்க நினைக்கவில்லை. அதற்கு அவள் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

சம்ரீன் மத்தியானமே வந்துவிட்டாள். முப்பது வயதுதான் இருக்கும், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"இப்பக் கண்டுபிடிச்சது சரி மேடம். ஏப்ரல்ல ஏன் கண்டுபிடிக்கல?"

"ஒவ்வொரு ஃபிலிமையும் தனித்தனியாத்தான் பாத்தேன். ரெண்டையும் சேத்துப் பாக்கல."

"தனியாப் பாத்தது நல்லாப் பாத்தீங்களா?"

இளவேனிலுக்கு முகம் சூடேறியது. "அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். சம்ரீன் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

குழாயைத் திருப்பிப் போட்டுப் பத்தொன்பதாம் ஜாயின்டைப் படம் எடுத்தார்கள். மீயொலிக் கருவி வைத்தும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரு குற்றமும் இல்லை. தொழிற்சாலையிலேயே சுத்தமான வெல்டு அதுதான் என்று சொல்லலாம்.

சகாயநாதனுக்கு வேலை போயிற்று. படம் எடுக்கும் சான்றிதழையும் நிறுத்தி வைத்தார்கள். இது ஒன்றுதானா என்று விசாரணையில் கேட்டபோது, ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார். ஆனாலும் வெளியிலிருந்து ஒருவர் வந்து, மூன்று வருஷத்தில் அவர் எடுத்த ஃபிலிம்களையெல்லாம் ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு குழாயின் ஃபிலிம்களையும் அந்தக் குழாய்க்குள்ளேயே ஒப்பிட்டார். வேறெதுவும் அகப்படவில்லை. இளவேனிலை ஃபிலிம் அறையிலிருந்து மாற்றி, அளவெடுக்கும் பிரிவில் போட்டார்கள். கண் பரிசோதனையும் மறு தேர்வும் முடிந்தபிறகு பார்க்கலாம் என்றார்கள்.

கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜை காலியாகவே கிடந்தது. வெல்டர் வெள்ளைச்சாமி மட்டும் ஒரு நாள் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். "என் வெல்டு நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல வெல்டுக்கு ஒரு மனுஷன் வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். குத்திக்காட்டுகிற தொனி இல்லை, அவருக்கே புரியாமல் கேட்பதுபோல இருந்தது. "நல்லா இருந்துச்சுன்னு பாத்தப்பறம்தானேண்ணே தெரியும்" என்றாள். அவர் தலையாட்டினார். சமாதானமான மாதிரித் தெரியவில்லை. அவளுக்கும் சமாதானம் இல்லை. அந்த வெல்டில் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று சில நாள் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சகாயநாதன். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு நேராக வந்த வெள்ளைச்சட்டை. இளைத்திருந்தார்.

"வாங்கண்ணே. உள்ள வாங்க."

உட்கார்ந்தார். நல்லதம்பி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பெலிண்டா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டதற்கு, "இருக்கா, ஸ்கூலுக்குப் போறா" என்றார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கும்மா."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும், "என்னண்ணே?" என்றாள்.

"முந்தின வருஷம் ஒரே அளவுல ரெண்டு குழாய் செஞ்சோம்ல, இரட்டைப் புள்ளைங்க மாதிரி. மொதக் குழாயோட ஏழாம் ஜாயின்டப் படம் எடுத்து, ரெண்டாவதோட ஏழுக்கும் அதையே வச்சிட்டேன். ஃபிலிம் வேற வேற பெட்டியில போயிடுச்சு. அதான் அந்த ஆளால புடிக்க முடியல. நீயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"அந்தக் குழாய் எங்க இருக்கு இப்ப?"

"பிளான்ட்டு ஸ்டோர்லதான் கெடக்கும். இன்னும் மாட்டியிருக்க மாட்டாங்க." கைகளைக் கோத்துக்கொண்டார். "பத்தொம்பது சுத்தமா இருக்குன்னு சொன்னப்ப எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. எனக்கு ஆறல. நல்லா இருக்கும்னு நெனச்சது நல்லா இருந்துச்சு, அவ்ளோதான். இன்னொண்ணும் அப்படியே இருக்கணும்னு என்ன சட்டம்? பெலிண்டாகிட்ட நேத்துத்தான் சொன்னேன். போயி சொல்லிட்டு வான்னா."

"பீமராவ் சார்கிட்ட நேராப் போயிருக்கலாமேண்ணே."

"போவேன். நாளைக்குப் போறேன். மொதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அன்னிக்கு நீ கேட் வாசல்ல என்னையும் கூப்பிட்ட. நான் வரல."

அவள் அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். பீமராவ் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். போனை சகாயநாதனிடம் நீட்டினாள். அவர் குழாய் நம்பர், ஜாயின்ட் நம்பர், தேதி எல்லாம் தடுமாறாமல் சொன்னார். அத்தனையையும் இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சம்ரீன் இளவேனிலை நேரடியாகப் போனில் கூப்பிட்டாள். ஸ்டோரில் கிடந்த குழாயை மீயொலிக் கருவியால் பார்த்ததில், ஏழாம் ஜாயின்டின் உள்ளே இரும்பு ஒட்டாமல் ஒரு கோடு. பதினெட்டு மில்லிமீட்டர் நீளம். வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கிறார்கள். "அவர் சொல்லியிருக்காட்டி அந்தக் குழாய அப்படியே பிளான்ட்டுல மாட்டியிருப்போம் மேடம்" என்றாள் சம்ரீன். அவள் குரலில் முதல் தடவையாகக் கறார் இல்லை.

அதை அவரிடம் போனில் சொல்ல இளவேனிலுக்கு மனசு வரவில்லை. வேலை முடிந்து பாலக்கரைக்குப் போனாள். சகாயநாதன் இப்போது மைத்துனருடைய பைப் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. பதினெட்டு மில்லி."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அந்த அளவைப் பார்த்தார். "எந்தப் பக்கம்?"

கடை பில்லின் பின்பக்கத்தில் வெல்டை வரைந்து, கோட்டைக் குறித்துக் காட்டினாள். வெளிச்சத்துக்காகத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆளுக்காக ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"படம் எடுத்திருந்தா இது விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்கும்."

"நீ பாத்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வருஷமும் மாச முடிவுகள் இருந்தன, நாற்பது நாற்பதாக ஃபிலிம்கள் இருந்தன.

"தெரியலண்ணே" என்றாள். "அடுத்த மாசம் திரும்பவும் ஃபிலிம் ரூமுக்கு அனுப்பறாங்க. ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல பாக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஒத்துக்குவாங்களான்னு பாக்கணும்."

சகாயநாதன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஒத்துக்கலைன்னா?"

"மறுபடி எழுதுவேன்."

"எழுது" என்றார். உள்ளே திரும்பி, அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.