மூன்று பத்துக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவில்

"பென்சில்ல எழுதியிருக்கிறது மேல அப்படியே பேனாவை ஓட்டுன்னுதானே சொல்றேன், என்னமோ கொலை பண்ணச் சொன்ன மாதிரி..."

"அந்த நேரத்துல நான் பார்க்கவே இல்ல மேடம், பார்க்காததை எப்படி நூத்திப் பத்து எழுபதுன்னு..."

"யாரு பார்க்கிறா? எந்த வார்டுல அரை மணிக்கொருதரம் பார்த்துக்கினு இருக்காங்க? முதல்ல குரலைக் குறை."

"நான் குறைச்சுத்தான் பேசறேன். நீங்கதான் கத்திக்கினு இருக்கீங்க."

தலைமை நர்ஸ் கிரேஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டாம் மாடியில் மருந்துகள் வைக்கும் சின்ன அறை அது. மேஜைமேல் புதிய தாள் ஒன்று. நேற்றுப் பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை, அரை மணிக்கு ஒரு வரி. வரிக்கு வரி பிரஷரும் நாடித் துடிப்பும் பென்சிலில் மெலிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. எதிரே நின்ற நர்ஸ் ரூக்ஷார் நேற்று எழுதிய பழைய தாள் நான்காகக் கிழிந்து கிரேஸின் கைப்பைக்குள் போய்விட்டது.

நேற்று கோயிலில் கருட சேவை; கூட்டத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பேனரைக் கட்டி, கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் இலவச முகாம் போட்டார்கள். ஐந்து நர்ஸுகளை அங்கே அனுப்பிவிட்டார்கள். மாடியில் இருபத்து மூன்று படுக்கைகளுக்கு ரூக்ஷார் ஒருத்தி. ஒன்பதாம் படுக்கையில் தேவகி. முசரவாக்கத்துக்காரி, முப்பத்தெட்டு வயது. கருட சேவைக்குத் தறி லீவு என்பதால் அன்றைக்கே கர்ப்பப்பை ஆபரேஷனை வைத்துக்கொண்டாள். நிலைமை மோசமாகி, ராத்திரி சென்னைக்குக் கொண்டுபோகும் வழியில், ஆம்புலன்ஸில் இறந்துபோனாள். இன்று பதினோரு மணிக்கு விசாரணைக்குச் சுகாதாரத் துறை அதிகாரி வருகிறார்.

"டாக்டருக்கு மூணு பத்துக்கு போன் பண்ணேன்னு எழுதியிருந்தேன் மேடம். இதுல அந்த வரியே இல்ல."

"பிரஷர் நார்மலா இருந்தா எதுக்கு போன் பண்ணுவே?"

"நார்மலா இல்ல. தொண்ணூறு அறுபது. பல்ஸ் நூத்திப் பதினெட்டு. சலைனை வேகமா விடு, ரோடு திறந்ததும் வரேன்னாரு. ஆறு மணிக்கு வந்தாரு."

"சரி, டாக்டர்கிட்ட சொல்லிட்டே. அப்புறம்? நீ எப்போ மறுபடி போய்ப் பார்த்தே?"

ரூக்ஷார் மருந்து அலமாரியைப் பார்த்தாள்.

"சொல்லேன்டி."

"அஞ்சே கால்."

"அப்போ எவ்ளோ இருந்துது?"

"எழுபது நாப்பது."

"ரெண்டு மணி நேரம். ரோடு பிளாக்குன்னு டாக்டர் சொல்லுவாரு, ஊரே சாட்சி சொல்லும். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யாரு பதில் சொல்றது? நானா? உன்னைக் காப்பாத்தத்தான் உக்காந்து இதை எழுதினேன்."

அது பொய்யில்லை என்று ரூக்ஷாருக்குத் தெரியும்.

"பதினாலாம் பெட்டுக்கு வலிப்பு வந்துது மேடம். நான் ஒருத்தி."

"அதிகாரிகிட்ட சொல்லு. பாவம் பொண்ணுன்னு டீ வாங்கிக் குடுப்பாரு."

"அஞ்சு பேரை முகாமுக்கு அனுப்பினது நீங்க."

"மேலேர்ந்து சொன்னாங்க, அனுப்பினேன். இப்பவும் மேலேர்ந்து சொல்றாங்க." கிரேஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. "அடுத்த மாசம் சவுதி இன்டர்வியூன்னு சொன்னே. உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவுலதான் இருக்குது. அனுபவச் சான்றிதழ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். நான் மிரட்டல. இருக்கிறதைச் சொல்றேன். நாளைக்கு உங்க அம்மாகிட்ட போய் என்ன சொல்லுவே?"

"தெரியல."

"நான் எழுதலியா? இருபத்தாறு வருஷத்துல எத்தனை தாளு. முதல் தடவை கை நடுங்கும். அப்புறம் நடுங்காது."

"அதை நினைச்சாத்தான் மேடம் பயமா இருக்குது."

கிரேஸ் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. பேனாவை எடுத்து நீட்டினாள்.

ரூக்ஷார் பேனாவை வாங்கிக்கொண்டு, இடது கையை மேஜைமேல் வைத்தாள். அந்த வார்டில் உட்கார்ந்து எழுத யாருக்கும் நேரமிருப்பதில்லை. கோட்டுக் கையில் வெள்ளை பிளாஸ்திரி ஒன்றை நீளமாக ஒட்டிக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தவுடன் அதில் குறித்துக்கொள்வார்கள். டூட்டி முடியும்போது தாளில் ஏற்றிவிட்டு, உரித்துக் குப்பையில் போடுவார்கள். ரூக்ஷார் நேற்றுக் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. கோட்டும் மாற்றவில்லை. பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்று பத்து, டாக்டருக்கு போன். பிறகு நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அதற்குக் கீழே ஐந்தே கால்.

"அதைக் கழட்டிப் போடு," என்றாள் கிரேஸ்.

"கழட்டத்தான் போறேன்."

நூல் பிரியப் பிரிய மெதுவாக உரித்தாள். புதிய தாளில், பென்சில் எண்களின் மேலேயே நெடுக ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். பக்கத்தில் பேனாவால் எழுதினாள். மூன்றரை, பார்க்கவில்லை. நான்கு, பார்க்கவில்லை. நாலரை, பார்க்கவில்லை. ஐந்து, பார்க்கவில்லை. அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"உன் தலையில நீயே கொள்ளி வச்சுக்கினே."

"ஆமா மேடம்."

"இந்தத் தாளு இந்த ரூமை விட்டுப் போகாது."

"கீழ தேவகி வீட்டுக்காரர் எட்டு மணியிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்காரு. கேஸ் ஷீட் காப்பி கேட்டு எழுதிக் குடுத்திருக்காரு. கேட்டா குடுக்கணும்னு ரிசப்ஷன்ல நாமளே போர்டு மாட்டியிருக்கோம்."

கிரேஸ் எழுந்து கதவை மறைத்து நின்றாள். வெளியே யாரோ சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தார்கள்.

"போ," என்று கிரேஸ் ஒதுங்கினாள். "குடு. அவன் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவான்னு நினைச்சுக்கினு போ."

கீழே நகல் எடுத்துக்கொண்டு ரூக்ஷார் வந்தபோது தேவகியின் கணவன் மாணிக்கவேல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் தேவகியின் செருப்பும் பிளாஸ்கும். ரூக்ஷாரைக் கண்டதும், நேற்றைப் போலவே எழுந்து நின்றான்.

"உக்காருங்கண்ணா."

"பரவாயில்லமா."

"இதைத்தான் கேட்டீங்க. ஒரிஜினல் இது, காப்பி உங்களுக்கு." வரிவரியாக விரல் வைத்துப் படித்துச் சொன்னாள். "மூணு மணிக்கே பிரஷர் குறைஞ்சுபோச்சு. மூணு பத்துக்கு டாக்டருக்கு போன் பண்ணேன். அதுக்கப்புறம் அஞ்சே கால் வரைக்கும் நான் வந்து பார்க்கலண்ணா. அது என் தப்பு. இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதிகாரி வந்தா, வேற எந்தத் தாளைக் காட்டினாலும் நீங்க இதைக் காட்டுங்க."

மாணிக்கவேல் தாளை வாங்கினான். இழை தேடுகிறவனைப் போல முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விரல் கீழே கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"நாலு மணி எதும்மா?"

"அதுதாண்ணா. நீங்க கை வச்சிருக்கிறது."

"பார்க்கவில்லைன்னு எழுதியிருக்குது."

"ஆமாண்ணா."

"நாலு மணிக்கு நான் உன்கிட்ட வந்தேன். அவ கை சில்லுனு இருக்குதும்மான்னு சொன்னேன். நீ அந்த வலிப்புக்காரரு காலைப் புடிச்சுக்கினு இருந்தே."

ரூக்ஷாருக்கு நினைவு வந்தது. அந்த நொடிவரை அது நினைவில் இல்லை.

"திரும்பிக்கூடப் பார்க்கல நீ. பிரஷரெல்லாம் நார்மலா இருக்குது, போய் உக்காருங்கண்ணான்னு சொன்னே. நானும் போய் அவகிட்ட அதையே சொன்னேன். நார்மலாம், கண்ணை மூடிக்கினு தூங்குன்னேன். அவளும் மூடிக்கினா."

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பி அவளிடம் நீட்டினான்.

"அதை இதுல எங்கம்மா எழுதியிருக்கே?"