திருப்பத்தில் ஒரு மஞ்சள் குடை

அந்த மஞ்சள் குடையில் இரண்டு கம்பிகள் எப்போதோ ஒடிந்துவிட்டன. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பால் குழாய்க்காரர் அவற்றைக் கட்டி வைத்திருந்தார். புதுசு வாங்கியிருக்கலாம். மனசு வரவில்லை.

ஒரு காலத்தில் அவர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டிகளுக்குப் போவார். விடியும் முன்னே ஏரியில் நீந்திவிட்டு, ஈரத் தலையோடு யார் வீட்டு அடைப்பையாவது எடுக்கக் கிளம்புவார். "நாள் பூரா தண்ணியிலதான் கிடக்கிறீங்க. அது பத்தாதா?" என்பாள் மனைவி. திட்டிக்கொண்டே வாழைப்பழத்தை உரித்து நீட்டுவாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊசி குத்தினால் வலிக்காது என்று பேர் வாங்கியவள். வாய்தான் கொஞ்சம் குத்தும்.

போட்டி நாட்களில் மூத்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சாலைத் திருப்பத்தில் நிற்பாள். சைக்கிள் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். குடை விரிந்திருந்தால் எல்லாம் நலம், மேலே போகலாம். மடங்கியிருந்தால் இறங்கி வர வேண்டும். இது அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எத்தனையோ போட்டிகள் போயின. ஒருநாளும் குடை மடங்கியதில்லை. தூரத்தில் அந்த மஞ்சளைப் பார்த்ததுமே அவர் காலில் புது ரத்தம் ஓடும்.

பிறகு முழங்கால் மக்கர் செய்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. இரண்டாவது குழந்தை தவழத் தொடங்கியதும் ஒருநாள் மனைவி அதன் தூசியைத் துடைத்தாள். "உங்க முறை முடிஞ்சுது. இனி நான்" என்றாள்.

இன்று அவளுக்கு முதல் போட்டி. ஏரிக்கரையில் குடையை அவர் கையில் கொடுத்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். ஒரு தடவை திருப்பத்துல நிக்கறப்போ மூத்தவளுக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. நான் குடையை மடக்கல."

"என்னம்மா சொல்ற? எப்போ?"

"அது பழைய கதை. நீங்க அப்படிப் பண்ணிடாதீங்க. இதை நம்பித்தான் நான் போறேன்."

விசில் ஊதிவிட்டார்கள். அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

திருப்பத்தில் நின்ற குழாய்க்காரருக்கு அந்தப் பழைய காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. காரில் ஈரத் துண்டின் வாடை. அம்மா மடியில் வாய் திறந்து தூங்கும் சின்னஞ்சிறு மகள். வழி நெடுக அவர் தன் பெருமையை அளப்பார். மனைவி 'ம்' கொட்டுவாள். எவ்வளவு இனிமையான காலைகள்! அவற்றில் எந்தக் காலையில் குழந்தை காய்ச்சலில் கிடந்தாள்? தேடித் தேடிப் பார்த்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் சுற்றில் மனைவி குடையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் மூத்தவளின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அழத் தொடங்கியது.

"அப்பா, பாட்டிலைத் துப்புறா. அப்படியே உங்க பிடிவாதம்" என்றாள் மூத்தவள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். தோளில் போட்டு நடந்தும் பார்த்தாள். அழுகை வீறிடலாக மாறியது. குழந்தைக்குத் தாய்தான் வேண்டும்.

"இப்போ நிறுத்தினா அம்மா நேரத்துக்குள்ள முடிக்க முடியாதுடா" என்றார் அவர். "பாவம், எவ்வளவு பாடுபட்டா."

"விரிச்சே வெச்சிருங்கப்பா. அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

தெரியாதுதான். அவருக்கும் இத்தனை வருஷம் தெரியவில்லையே! தூரத்தில் மனைவியின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. 'ஆண்டவனே, நல்லதைக் காட்டு' என்று ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு குடையை மடக்கினார்.

சடாரென்று பிரேக் விழுந்தது. சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அவள் ஓடி வந்தாள்.

கொடி பிடித்த நடுவர் பதறிக்கொண்டு வந்தார். "அம்மா, வெளியாள்கிட்ட உதவி வாங்கக் கூடாது!"

"உதவி பண்றதே எங்கம்மாதான் சார்" என்றாள் மூத்தவள்.

நடுவர் சிரித்துவிட்டார். தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

குழாய்க்காரர் குடையை மறுபடி விரித்துத் தாய்க்கும் பிள்ளைக்கும் மறைவாகப் பிடித்தார். அழுகை அடங்கியது.

"அன்னைக்கு ஏன் மடக்கல? நான் வந்திருப்பேனே."

அவள் குழந்தையின் நெற்றியைத் தடவினாள். "வந்திருப்பீங்க. ஆனா ஒருவேளை பார்த்துட்டும் வராம போயிட்டீங்கன்னா? அதைத் தெரிஞ்சுக்க எனக்குத் தைரியம் இல்லீங்க."

குடை லேசாகச் சாய்ந்தது.

"நேராப் பிடிங்க, வெயில் படுது" என்றாள். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறினாள்.

எல்லோருக்கும் கடைசியாகத்தான் அவள் ஓடி வந்தாள். நேரம் காட்டும் பலகையை அணைத்துவிட்டார்கள். வழிகாட்டிக் கூம்புகளை எல்லாம் வண்டியில் ஏற்றிய நடுவர், கடைசி வரிசையை மட்டும் அவளுக்காக விட்டு வைத்திருந்தார். அவள் எல்லையைத் தாண்டியதும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

வீடு திரும்பும்போது காரில் அதே ஈரத் துண்டின் வாடை. தண்ணீரில் யாரோ காலால் உதைத்தது, செயின் கழன்றது என்று அவள் வழி நெடுக அளந்துகொண்டே வந்தாள். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டினார். நடுவில் ஒருமுறை கையைப் பின்னால் நீட்டி, தூங்கும் மூத்தவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.