அருள்நாயகியின் இரத்தம்

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன்பு செய்யும் வழக்கமான சோதனைகளுக்காகத்தான் அருள்நாயகி இரத்தம் கொடுத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது. கணவன் கடலோடு போய் நாலு வருசம். பள்ளிமுனையில் ஆடு வளர்த்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவள். மன்னார் பட்டினத்துத் தனியார் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்த பெற்றிசியா, முடிவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவள் இயந்திரத்தைச் சந்தேகிக்கவில்லை. அந்த மனுசியைத்தான் சந்தேகித்தாள்.

மறுநாள் கதிரைகள் நிறைய ஆட்கள் இருக்கையிலேயே, "பிள்ளை உண்டாகியிருக்கிறீங்கள்" என்றாள்.

"அப்பிடி இருக்கேலாது பிள்ளை. திரும்பப் பாருங்கோ."

"மெசின் பொய் சொல்லாது அக்கா. டொக்டரிட்டையாவது மறைக்காமல் சொல்லுங்கோ."

அருள்நாயகியின் பக்கத்து வீட்டு லூசியாவும் அங்கே இருந்தாள். பொழுதுபடுமுன் பள்ளிமுனை முழுக்கக் கதை பரவிவிட்டது.

ஸ்கானில் கருவைக் காணவில்லை. கரு இல்லாமல் இரத்தம் இப்படிக் காட்டினால் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று பயந்து டொக்டர்மார் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். மூன்றாம் கிழமை கொழும்பு நிபுணர் ஒருவர் தொலைபேசியில், "சிறுநீரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பெற்றிசியா பார்த்தாள், ஒன்றுமில்லை. சிலருடைய இரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்பொருள் சோதனை மருந்தோடு ஒட்டிக்கொண்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடும். அது சிறுநீருக்குள் இறங்காது என்று அவர் விளக்கினார். அந்த எதிர்ப்பொருளை மடக்கும் மருந்தும் அனுப்பினார். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பழைய இரத்தத்தோடு அதைக் கலந்து சோதித்தாள். ஒன்றுமில்லை. இதையெல்லாம் அவள் ஒருகாலம் படித்துப் பரீட்சையும் எழுதியவள்.

புதிய அறிக்கையோடு பள்ளிமுனைக்குப் போனாள். ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த அருள்நாயகி, வாங்கோ என்று சொல்லவில்லை.

"நான் பிழை விட்டிட்டன் அக்கா."

"அண்டைக்கே சொன்னனான்."

"ஓம்."

"மூண்டு ஞாயிறு பூசைக்குப் போகேல்லை. மூத்தவள் என்னோடை கதைக்கிறேல்லை. இந்தக் கடுதாசியை நான் ஆராருக்குக் காட்டித் திரியிறது? ஆக்களுக்கு முன்னாலை சொன்னனீங்கள். ஆக்களுக்கு முன்னாலையே போய்ச் சொல்லுங்கோ."

ஞாயிறு பூசை முடிந்து வந்த பெண்களைப் பெற்றிசியா கோயில் முற்றத்தில் மறித்தாள். "பிழை என்ரை. அவவிலை ஒரு குற்றமும் இல்லை."

லூசியா சிரித்தாள். "மூண்டு கிழமைக்குள்ளை கலைச்சிருந்தாலும் இல்லையெண்டுதானே காட்டும்?"

"அண்டைக்கு எடுத்த அதே இரத்தத்தைத்தான் திரும்பப் பாத்தனான்."

லூசியா காதில் வாங்காமல் நடந்தாள். ஆனால் பின்னால் நின்ற அருள்நாயகியின் மூத்த மகள் கிட்ட வந்து, "அதே இரத்தமா?" என்று கேட்டாள்.

"ஓம், அதே இரத்தம்."

அந்தப் பெண் வீட்டுப் பக்கம் விறுவிறென்று போனாள்.

சத்திரசிகிச்சைக்கு முன் மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அருள்நாயகி பக்கத்திலிருந்த இந்த ஆய்வுகூடத்தை விட்டு, மகளோடு பஸ் ஏறித் தூரத்து வவுனியாவுக்குப் போனாள் என்று பெற்றிசியா பிறகு கேள்விப்பட்டாள்.