கனகலட்சுமியின் அளவு ஜாக்கெட்

1

“கை நுழையுதாடி இதுல? நாளைக்கு என் மகளுக்குக் கல்யாணம். முகாம்காரிகிட்டப் பட்டு ஜாக்கெட்டத் தைக்கக் குடுக்காதன்னு அம்புட்டுப் பேரும் சொன்னாக, கேட்டேனா?”

கத்தியது கனகலட்சுமி, எங்கள் தெருவின் ஒலிபெருக்கி. எதிரே நின்றவள் நிரோஜினி. ஆனையூர் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். இடம், முகாம் பெண்களுக்கு ஐரின் டீச்சர் தையல் வகுப்பு நடத்தும் அவர் வீட்டு முன்னறை. நான் அங்கே எதற்கு என்று கேட்பீர்கள். கறிவேப்பிலை வாங்கப் போனேன். (என் வீட்டிலேயே மரம் நிற்கிறது.) இந்தக் கதை பிறந்தது அந்தப் பொய்யில்தான்.

2

முதல் வரைவில் நிரோஜினி, “எனக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்று இலங்கைத் தமிழில் அழுதாள். எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“யக்கா, நா எப்ப இப்பிடிப் பேசுனேன்? எங்கம்மா பேச்சத் தூக்கி என் வாயில வச்சிருக்கீக. நா அழுகவும் இல்ல.”

அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த தொடக்கம்: ‘கடல் கடந்து வந்த அந்தக் கண்களில்...’

வேண்டாம். அவள் கடலைப் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான்.

3

அவளுக்கு முகாமுக்கு வெளியே கிடைத்த முதல் பட்டு இது. கனகலட்சுமி மனசு வைத்தால் தெருவின் கல்யாண ஜாக்கெட் எல்லாம் அவளிடம் வரும். வாயை வைத்தால் ஒன்றும் வராது. மறுபடி அப்பளக் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்.

கனகலட்சுமி அளவுக்கென்று கொடுத்திருந்த ஜாக்கெட்டைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன் கனகலட்சுமி வீடு பால் காய்ச்சிய அன்று போட்டிருந்தது அது. இப்போது போடுவதைக் கொடுத்தால் சுற்றளவு ஊருக்குத் தெரிந்துவிடுமே! பீரோவின் அடியிலிருந்து ஒல்லியாக இருந்த காலத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். (எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்வதுதான். நானும்.)

4

இந்த இடத்தில் நிரோஜினி அளவு ஜாக்கெட்டைத் தூக்கி எறிந்து, “நீங்க பெருத்ததுக்கு நா என்ன செய்ய?” என்று கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். எழுதும்போது குளுகுளுவென்று இருந்தது. நடந்தது வேறு.

“பட்டுல்லக்கா, புதுசுல இறுக்கத்தான் செய்யும். உள்ள ரெண்டு விரக்கடத் துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். இருங்க, பிரிச்சுத் தாரேன்.”

துணி வாங்கிய அன்றே வாடிக்கையாளரின் கையைப் பார்த்து வைத்திருக்கிறாள், கள்ளி! பத்து நிமிடம். கை நுழைந்தது. கொக்கி மாட்டியது.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி? மக மறுவீட்டுக்குப் போடுறதையும் நீயே தச்சிரு” என்றாள் கனகலட்சுமி.

அப்பாடா. (கதை எழுதுகிறவர் இப்படி எழுதக் கூடாதாம். இருக்கட்டும்.)

5

கனகலட்சுமி மகள் கோயம்புத்தூருக்குக் குடிபோனாள். ஐரின் டீச்சர் சென்னையில் மகன் ஜெர்சனோடு இருக்கப் போனார். முன்னறைச் சாவியை நிரோஜினியிடம் கொடுத்துவிட்டார்.

நிரோஜினிக்குத் திருச்சிப் பக்கத்து முகாமில் மாப்பிள்ளை அமைந்தது. பெரும்பாலும் பெண்தான் அதிகாரிகளிடம் மனுப் போட்டு மாப்பிள்ளையின் முகாமுக்கு மாறுவாள். இவள், “தைக்க இம்புட்டுத் துணி கெடக்கு, நா எங்கிட்டுப் போக?” என்றாளாம். மனுவை மாப்பிள்ளை போட்டார். போன மாதம் பெட்டியோடு ஆனையூர் முகாமுக்கு வந்தும்விட்டார்.

வாசலில் அவள் அவரிடம் முதலில் என்ன சொன்னாள்? நான் போய் நிற்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.