நாற்பத்து மூன்று நிமிடம்

அந்த இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கும் நடுவே வான்வழியில் இருநூற்று முப்பது கிலோமீட்டர். காற்று ஒத்துழைத்தால் நாற்பத்து மூன்று நிமிடம். மலையைச் சுற்றிப் போகும் சாலையிலோ ஒன்பது மணி நேரம். பத்தொன்பது இருக்கை விமானத்துக்கு எடைக் கணக்கு எழுதும் தங்கைக்கு இதெல்லாம் மனப்பாடம். அக்கா எப்போது கூப்பிட்டாலும், "நாப்பத்தி மூணு நிமிஷம்தானே, நினைச்சா வந்து நிக்க மாட்டேனா?" என்பாள். அப்படிச் சொல்லியே நான்கு வருடம் போகாமல் இருந்துவிட்டாள். எட்டாத தூரமாக இருந்திருந்தால் லீவு போட்டுப் போயிருப்பாளோ என்னவோ.

அன்று காலை மருத்துவமனையிலிருந்து அத்தான் பேசினார். "டாக்டர் கைய விரிச்சுட்டாரும்மா. இன்னைக்குத் தாங்குறதே கஷ்டமாம். உன்னையேதான் கேக்குறா."

போனை அக்காவின் காதில் வைத்தார்.

"ஏழரை விமானத்துல ஏறிடுறேன்க்கா."

"உன் நாப்பத்தி மூணு நெஜமான்னு இன்னைக்குப் பாத்துடலாம்டி." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "எதிர்லயே கடிகாரம் இருக்கு. எண்ணிக்கிட்டே படுத்திருக்கேன்."

பயணிகள் பதினெட்டுப் பேர். மிச்சமிருந்த பத்தொன்பதாவது இடம் அவளுக்கு. ஏழு மணிக்கு வானிலைத் தாள் வந்தது. கடும் எதிர்க்காற்று. ஐம்பத்தைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குக் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எடைக்கு ஆள் குறைய வேண்டும். கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். எழுபது கிலோ. ஓர் ஆள். அப்படி வந்தால் முதலில் இறங்க வேண்டியவர் ஊழியர். அது விதி.

விமானி எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், இன்னைக்கு யார் தலையில கை வைக்கப் போறீங்க?"

"ஒருத்தர்தான் சார். நான் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்கு அப்பால் பதினெட்டு முகங்கள். வாய் திறந்து கேட்டிருந்தால் யாராவது ஒருவர் எழுந்து இடம் கொடுத்திருப்பார். கேட்க நா எழவில்லை. அது நேர்மையா, கூச்சமா, முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமா? பின்னாளில் எத்தனை முறை தனக்குள் தோண்டிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. தன் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழரைக்கு அவளே அக்காவைக் கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டாள்.

"ஏறிட்டியாடி?" அந்தக் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டதும் மனம் நழுவிவிட்டது.

"ஏறிட்டேன்க்கா. எதிர்க்காத்து. கொஞ்சம் கூடுதலா ஆகும்."

"காத்து என்னடி பண்ணும்? மெதுவா வா. போனை அணைச்சு வை, இல்லன்னா உன் விதிப் புத்தகம் கோவிச்சுக்கும்."

அணைத்தாள். மலைச் சாலைக்குக் கிளம்பிய வாடகைக் காரின் பின் இருக்கையில் அணைத்த போனை மடியில் வைத்துக்கொண்டு, ஏறாத விமானத்தின் நிமிடங்களை எண்ணினாள். ஐம்பத்தைந்து முடிந்ததும் போனை உயிர்ப்பித்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

முதல் மணியிலேயே அத்தான் எடுத்தார்.

"போயிட்டாம்மா. இப்பதான், அஞ்சு நிமிஷம் ஆகல. நாப்பத்தி மூணு தாண்டியும் நீ வரல. 'எதிர்க்காத்துன்னு சொன்னாளே, பாவம்'னு உனக்காக என்கிட்டயே பேசுனா. கட்டில ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னா. மேலயே பாத்துக்கிட்டு இருந்தா... கடைசி வரைக்கும்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நீ இறங்கிட்டேல்ல? அங்கேயே இரு, வண்டி அனுப்புறேன்."

கார் மலையின் முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.